வாலைப் பார்த்து ஓடின நாய்

நாய் தப்புத் திசையில ஓடினா குத்தம் யார் மேலன்னா கேக்குறீங்க? நாய் பழக்க வந்திருக்கிற பிள்ளைங்களா, நேரா பதில் சொன்னா உங்க முகம் சுருங்கிப்போகும். அதனால ஒரு காட்டுல நடந்ததைச் சொல்றேன். உங்க நாயையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க, கேக்கட்டும்.

அந்தக் காட்டுல ஒரு குரங்கு ஒரு நாயை வளர்த்துச்சு. சுற்றுலா வந்தவங்க விட்டுட்டுப் போன குட்டி அது. கொழுகொழுன்னு இருந்ததால உருண்டைன்னு பேரு வச்சுது. குட்டியா இருக்கும்போது உயரமான புல்லுக்குள்ள உருண்டைக்கு வழி தெரியாது. முன்னாடி போற குரங்கோட வால் மட்டும் புல்லுக்கு மேல தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே பின்னாடி ஓடும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகல.

சிறுத்தைக்கு மட்டும் உருண்டையைக் கண்டா ஆகாது. அது பதுங்கி வரும்போதெல்லாம் உருண்டை குரைக்கும், மான் எல்லாம் ஓடிடும். ஆனா சிங்கராஜாகிட்ட போய் இதையா சொல்லும்?

"மகாராஜா, நாய் காட்டு மிருகமே இல்ல. ஒரு வேலையும் தெரியாது. சும்மா திங்குது. என்கிட்ட கொடுத்தீங்கன்னா நான் பார்த்துக்குவேன்"னு பணிவா சொல்லுச்சு.

"நீ எப்படிப் பார்த்துக்குவேன்னு எனக்குத் தெரியும்"னு சிங்கம் கொட்டாவி விட்டுச்சு. "குரங்கே, உன் நாய்க்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாமலா? நான் சொன்னா எதையும் செய்யும் மகாராஜா!"

"அப்படியா? வர்ற பௌர்ணமிக் காலையில காட்டட்டும். ஒரு கட்டையைத் தாண்டணும். வலது பக்கம் திரும்பி விழுந்து கிடக்கிற பொந்து மரத்துக்குள்ள நுழைஞ்சு வரணும். அப்புறம் இடது பக்கம் திரும்பி மூங்கில் வரிசையில வளைஞ்சு வளைஞ்சு ஓடணும். சரியா செஞ்சா உருண்டை இந்தக் காட்டுப் பிரஜை. இல்லேன்னா சிறுத்தை கூட்டிட்டுப் போகட்டும்."

சிறுத்தை நாக்கால மீசையைத் துடைச்சுக்கிச்சு.

மறுநாளே பயிற்சி ஆரம்பம். குரங்கு ஒரு மரக்கிளையில வசதியா உட்கார்ந்துக்கிச்சு. உருண்டை கீழ அதே திசையைப் பார்த்து நின்னுச்சு.

"தாண்டுடா!"

உருண்டை தாண்டிடுச்சு.

"வலது! வலது!"

குரங்கு கத்திக்கிட்டே வலது பக்கம் சாய்ஞ்சு கையை நீட்டுச்சு. அப்படிச் சாய்ஞ்சா கிளையில இருந்து விழாம இருக்க வால் தானா இடது பக்கம் போகும். குரங்குக்கு அது தெரியாது. வால் பின்னாடிதானே இருக்கு! உருண்டை மேல பார்த்துச்சு. வால் இடது பக்கம் இருந்துச்சு. இடது பக்கம் ஓடிடுச்சு.

"டேய், காது கேக்குதா இல்லையா? இப்ப இடது! இடது!"

வால் வலது பக்கம் போச்சு. உருண்டையும் வலது பக்கம் போச்சு.

பக்கத்து மரத்துல இருந்த மைனா கேட்டுச்சு: "ஏன் குரங்கண்ணே, நீங்க கீழ இறங்கி அவன்கூட ஓடினா என்ன?"

"நானா? சொல்லிக் கொடுக்கிறவன் ஓடினா அப்புறம் மரியாதை என்ன ஆகும்?"

அந்த வழியா வந்த சிறுத்தை மரத்தடியில நின்னு அக்கறையா பேசுச்சு. "தம்பி, நீ சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. சத்தம்தான் பத்தல. இன்னும் கொஞ்சம் ஓங்கிக் கத்திப் பாரு."

"பார்த்தியா மைனா, விஷயம் தெரிஞ்சவங்க பேசுறதை!"ன்னுச்சு குரங்கு.

அன்னிக்கிலிருந்து காடே தூங்கல. காலையில வலது, சாயங்காலம் இடது. குரங்குக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தினமும் தேன் குடிச்சுட்டு வந்து கத்துச்சு. உருண்டையும் தினமும் தப்பு பண்ணுச்சு. ஒரு தடவைகூட மாறாம, சொன்னதுக்கு நேர் எதிராவே ஓடுச்சு. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்றானேன்னு குரங்கு ஒரு நாளாவது யோசிச்சிருக்கலாம். யோசிக்க நேரம் எங்க? கத்தவே நேரம் சரியா இருந்துச்சு.

"அண்ணே, நான் சரியாத்தானே ஓடுறேன்?"னு உருண்டை பாவமா கேக்கும்.

"உனக்கு மண்டையில ஒண்ணும் இல்லடா. சிறுத்தைகிட்ட போனாத்தான் புத்தி வரும்"னு குரங்கு திட்டும். திட்டிட்டு, ராத்திரி உருண்டை தூங்கினப்புறம் அதைப் பார்த்து அழும். அதையும் சொல்லணும்ல.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சிறுத்தை கடைசியா ஒரு காய் நகர்த்துச்சு. "மகாராஜா, போட்டியைப் பொட்டல்ல வச்சா எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

சிங்கமும் சரின்னு கட்டையையும் பொந்து மரத்தையும் அங்க உருட்டிப் போட வச்சு, மூங்கில் கம்புகளை வரிசையா நட வச்சுது. ஆனா ஏறி உட்கார பொட்டல்ல ஒரு மரம் கிடையாது. கிளை இல்லேன்னா குரங்கு எங்க உட்கார்ந்து உத்தரவு போடும்? தரையில நின்னா அதுக்குப் பயம் வந்துடுமேன்னு சிறுத்தை கணக்குப் போட்டுச்சு. கணக்கு சரிதான். நிஜமாவே பயந்துச்சு.

பயம் வந்தா சில பேருக்குச் சோறு இறங்காது. குரங்குக்குப் பசிக்கும். கைக்குக் கிடைச்ச அத்திப்பழத்தை எல்லாம் ரெண்டு கன்னத்துலயும் அடைச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. பக்கத்துல உருண்டை. பின்னாடியே, நல்லா பார்க்கணும்னு சொல்லிச் சிறுத்தை.

"ஆரம்பிக்கலாம்!"னு சிங்கம் கர்ஜிச்சுது. அதே நேரம் சிறுத்தை சோம்பல் முறிச்சு முன்னங்காலை நீட்டுச்சு.

குரங்கு திரும்பிப் பார்த்துச்சு. பாயப்போகுதுன்னு நினைச்சுக்கிச்சு. கத்தலாம்னா வாய் நிறையப் பழம். எடுத்துச்சு ஓட்டம்!

குறுக்க கட்டை வந்துச்சு, தாண்டுச்சு. வலது பக்கம் பொந்து மரம் தெரிஞ்சுது. சிறுத்தை உடம்பு இதுக்குள்ள நுழையாதுன்னு உள்ள புகுந்து அந்தப் பக்கம் வந்துச்சு. இடது பக்கம் மூங்கில் வரிசை. வளைஞ்சு ஓடினா பிடிக்க முடியாதுன்னு வளைஞ்சு வளைஞ்சு ஓடுச்சு.

அதோட வால் எங்க போச்சோ, அங்க எல்லாம் உருண்டை போச்சு. ஒரு மூங்கிலைக்கூட விடல.

கடைசி மூங்கிலைத் தாண்டி குரங்கு பொத்துனு விழுந்துச்சு. உருண்டை வந்து அது முகத்தை நக்குச்சு. காடே கை தட்டுச்சு.

"இது மோசடி மகாராஜா!"ன்னு சிறுத்தை குதிச்சுது. "குரங்கு ஒரு வார்த்தை சொல்லல! இதுக்குப் பேரு பயிற்சியா?"

"நானும் கவனிச்சேன்"னுச்சு சிங்கம். "ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தான் என் காதுக்கு ஓய்வு. உருண்டை இங்கயே இருக்கட்டும்."

சிறுத்தை போயிடுச்சு. குரங்கு மெதுவா பழத்தை விழுங்கிட்டு எழுந்து நின்னுச்சு. "எல்லாரும் பார்த்தீங்களா? வாயைத் திறக்காமலே உத்தரவு போட்டேன். அது பெரிய பயிற்சி. எல்லாருக்கும் வராது."

"அண்ணே, நாளைக்கும் நீங்க முன்னாடி ஓடுறீங்களா? நல்லா இருந்துச்சு"ன்னு உருண்டை ஆசையா கேட்டுச்சு.

"ஓடுறது உன் வேலைடா. என் வேலை சொல்றது."

மறுநாள் காலையில அந்த மரத்தடியில ஒரே கூட்டம். முயல், நரி, காட்டுப்பூனை எல்லாம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து குரங்கோட பயிற்சியில சேர்க்க நின்னுச்சுங்க. குரங்கு கிளையில ஏறி உட்கார்ந்து தொண்டையைச் சரி பண்ணிக்கிச்சு. "முதல்ல என் உருண்டை செஞ்சு காட்டுவான், பாருங்க. டேய், வலது! வலது!"

உருண்டை இடது பக்கம் ஓடுச்சு.

"ஒரு நாள் ஜெயிச்சதும் திமிரைப் பாரு மைனா!"ன்னுச்சு குரங்கு. மைனா என்ன பதில் சொல்லுச்சுன்னா...

யாரு, என்னையா கூப்பிடுறீங்க? என் நாயா? யாரோட டிபன் பாக்ஸ்ல வாயை வச்சிருக்கு? இந்தா, வர்றேன்.

நீதி: நாய் நம்ம வாயைக் கேட்டு ஓடாது, நம்ம உடம்பைப் பார்த்து ஓடும், அது தப்புத் திசையில போனா, முதல்ல நாம எந்தத் திசையைக் காட்டிக்கிட்டு நிக்கிறோம்னு பார்க்கணும்.