முதல் பாய்

தாணுலிங்கம் ஆசானின் களரியில் ஆடி பிறந்தால் கம்புக்கும் வாளுக்கும் ஓய்வு. ஏழு நாள் உழிச்சல் நடக்கும். ஆசான் எண்ணெயைச் சூடாக்கி, தன் கையாலேயே ஒவ்வொரு சீடனுக்கும் தேய்த்துவிடுவார். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

முதல் நாள் முதல் பாயில் யார் படுப்பது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதவும் வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சுயம்புதான் படுத்தான்.

சுயம்புவுக்கு வயது ஐம்பத்தொன்று. ரப்பர் தோட்டத்தில் கண்காணி. ஆசானிடம் சேர்ந்த அன்று, அந்தக் காலத்து வழக்கப்படி, மண்ணைத் தொட்டு மூன்று வாக்குக் கொடுத்தான். அழ மாட்டேன். வலி சொல்ல மாட்டேன். இன்னொருத்தன் தோளில் சாய மாட்டேன். ஆண்பிள்ளைக்கு இது மூன்றும் போதும் என்று ஆசான் சொன்னார்.

மற்றவர்கள் கொடுத்த வாக்கை வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாதி மறந்தார்கள். சுயம்பு மறக்கவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது அவன் கண் கலங்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். "நேரமாச்சு, ஏறு" என்று காரின் கதவைத் திறந்துவிட்டான். இப்படி ஒரு சீடன் யாருக்கு வாய்ப்பான் என்று அவனே தன்னைப்பற்றி நினைத்துக்கொள்வதுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசானுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் வாக்குக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும் என்றார். மனசில் கிடப்பதைச் சொல்லலாம். கேட்கிறவன் சிரிக்கக் கூடாது, புத்திமதியும் சொல்லக் கூடாது. கம்பு பிடிக்கத் தெரியாத ஆட்கள்கூடப் பக்கத்து ஊர்களிலிருந்து பைக்கில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சுயம்பு மட்டும் அந்த நேரத்தில் வெளியே போய்க் கம்புகளுக்கு எண்ணெய் பூசுவான்.

அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன்தான் ஜெபசிங். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெண்டாட்டி குவைத்தில் நர்ஸ். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இவனே தலை பின்னி, சோறு கட்டி அனுப்புகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் உடைந்து அழுதுவிட்டான்.

ஆசான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

சுயம்பு வாசலிலிருந்து பார்த்தான். கையிலிருந்த கம்புக்கு மூன்றாம் தடவையாக எண்ணெய் பூசினான்.

அந்த வருஷம் ஆடி முதல் தேதி. எண்ணெய் காய்ந்தது, பாய் விரித்தாயிற்று. சுயம்பு துண்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் பாய்க்குப் பாதி தூரம் வந்தும்விட்டான்.

"ஜெபசிங்கே, நீ கிட" என்றார் ஆசான்.

வந்த கால் வந்த வழியே திரும்புவதற்கு வெகுநேரம் ஆனது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுயம்பு துண்டை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். ஆசானின் கை அந்த முதுகில் போவதையும் வருவதையும், ஜெபசிங் ஏதோ முனகினால் ஓரிடத்தில் நிற்பதையும் கண் கொட்டாமல் பார்த்தான். எதிரே சுவர்க்கடிகாரம் இருந்தது. நாற்பத்தைந்து நிமிஷம்.

பிறகு அவனுக்கும் தேய்த்தார். இருபது நிமிஷத்தில் எழுப்பிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு சுயம்பு ஆசான் முன்னால் வந்து நின்றான்.

"ஆசானே, ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு."

"நான் எதுல குறைஞ்சு போனேன்?"

ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில வா. ஜெபசிங்குக்கு நீ தேயி."

சுயம்புவுக்கு முதலில் காது கேட்டது சரிதானா என்றே சந்தேகம். ஆசான் தன் கையை இன்னொருத்தனுக்குக் கொடுக்கிறார் என்றால் களரியையே கொடுக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்குப் போய் வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். கை கழுவும்போதுதான் உறைத்தது. கொடுத்ததும் கொடுத்தார், அவன் முதுகிலா கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை ஜெபசிங் குப்புறப் படுத்தான். சுயம்பு மண்டியிட்டு எண்ணெயை வார்த்தான். ஆசான் ஒரு ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

தோள்பட்டை எலும்பின் விளிம்பில் ஓர் இடம் உண்டு. அங்கே கட்டைவிரலை வைத்து ஊன்றினால் எப்பேர்ப்பட்டவனும் அலறிவிடுவான். சுயம்புவுக்கு அந்த இடம் தெரியும். இந்த அழுமூஞ்சி எட்டுப் பேர் முன்னால் பாயில் புரண்டு அழட்டும், ஆசான் கண்ணாலே பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினான்.

"அண்ணே, வலிக்கு" என்றான் ஜெபசிங்.

அலறவில்லை. தாகமெடுத்தவன் தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பாயில் படுத்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சுயம்பு கேட்டதில்லை. அவன் விரல் அவனைக் கேட்காமலே தளர்ந்தது.

"எங்க?" வாயும் அவனைக் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ. எலும்புக்கு உள்பக்கமா. சின்னவள இடுப்புல தூக்கித் தூக்கி வந்ததாக்கும்."

சுயம்புவின் கை கீழே இறங்கியது. அங்கே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு முடிச்சு கிடந்தது. சுற்றிச் சுற்றி வந்து தேய்த்தான். அது லேசில் மசிகிற முடிச்சு இல்லை. இன்னொன்று இடுப்புக்கு மேலே இருக்கிறது என்று ஜெபசிங் சொன்னான். அதற்கும் போனான். கடைசியில் முடிச்சு கைக்குள் கரைந்தபோது, பாயில் கிடந்தவன் நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

சுயம்பு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஆசான் மற்றவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜெபசிங்கும் சட்டையை மாட்டிக்கொண்டு, "ரொம்ப உபகாரம் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது அவனுக்கு.

"ஏன் அவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ஆசான் கேட்டார்.

"அவன் இடம் சொன்னான். சொன்ன இடத்துல கை நின்னுபோச்சு."

"உனக்க முதுகுல எங்க நிக்கணும்னு எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியல்ல, சுயம்பு."

இதைக் கேட்டுச் சுயம்புவின் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கொதித்தது.

"நான் சொல்லியிருப்பேன் ஆசானே. சொல்லக் கூடாதுன்னு மண்ணத் தொட வச்சது யாரு?"

"நான்தான்."

"அவன்கிட்ட அத ஏன் கேக்கல்ல? அவன் அழுதான், தோள் குடுத்தீங்க. நான் எங்க அப்பாவுக்குக்கூட அழல்ல. மகள் கையப் பிடிச்சிட்டு நின்னா, உதறிவிட்டேன். எல்லாம் உங்களுக்காகத்தான். சும்மா வந்தவனுக்கு முதல் பாய். எனக்கு?"

பேசி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வார்த்தையை அவன் ஆசானிடம் மொத்தமாகப் பேசியதே கிடையாது.

ஆசான் எழுந்தார். மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தார். கச்சையோடு போய், விரித்திருந்த பாயில் குப்புறப் படுத்தார்.

சுயம்பு பதறிப்போனான். அந்தப் பாயில் ஆசான் படுத்து யாரும் பார்த்ததில்லை. ஆசானுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது. வயதான முதுகு. இடது பக்கம் வலதைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது.

"இடது தோளு" என்றார் ஆசான். "கழுத்து சேருத இடம். கையத் தூக்கினா உயிர் போகுது."

சுயம்பு மண்டியிட்டான். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டான். கல் மாதிரி இருந்தது.

"எத்தன நாளா ஆசானே?"

"நீ வாக்குக் குடுத்த அன்னைக்கும் வலிச்சிட்டுதான் இருந்தது."

சுயம்பு தேய்த்தான். கை இடம் விலகி விலகிப் போயிற்று. எண்ணெய் வழுக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டான்.

"இது ஜெபசிங்குக்குத் தெரியுமா?"

"உன்கிட்டதான் முதல்ல சொல்லுதேன்."

சுயம்புவின் கை அப்படியே நின்றது.

"இனி நீ சொல்லு மக்கா" என்றார் ஆசான், பாயிலிருந்து தலையைத் தூக்காமல். "உனக்கு எங்க?"

சுயம்பு கையை எடுக்கவில்லை. இன்னொரு கை இடம் தேடித் தன் முதுகுப் பக்கம் போயிற்று. ஆசான் எழுந்திருக்காமல் காத்துக் கிடந்தார்.