பொன்னுலிங்கம் கெக் தேடிய கதை

மெல்பர்னில், வீட்டிலேயே பீர் போடக் கற்றுக்கொடுக்கும் குரு ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடிக்காரி, முப்பத்திரண்டு வயது. சனிக்கிழமைகளில் தன் கராஜில் வகுப்பு எடுப்பாள். குரு என்று கூப்பிட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். இருந்தாலும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கோடையில் அவளிடம் ஒரு விசித்திரமான சீடர் வந்து சேர்ந்தார். பொன்னுலிங்கம், பஸ் டெப்போ மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது. வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர். பீரை ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். வந்த வேகத்தில் கேட்டார்.

“ஏம்மா, சின்ன கெக் எது நல்லது?”

கெக் என்பது பீரை அடைத்து வைக்கிற எஃகுப் பீப்பாய். உள்ளே கேஸ் ஏற்றி மூடிவிட்டால், குழாயைத் திறந்து வேண்டியபோது கிளாசில் பிடித்துக்கொள்ளலாம்.

“யாரு போட்ட பீர் அண்ணாச்சி?”

“வீட்டுல இருக்கு.”

“எவ்வளவு இருக்கு?”

“ஒரு வாளி.”

“முதல்ல அஞ்சு லிட்டர் கெக் ஒண்ணு வாங்குங்க. போதும்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வாசலில் நின்றார்.

“அஞ்சு லிட்டர் பத்தாதோன்னு இருக்கு. பத்து லிட்டரா வாங்கிரட்டுமா?”

“வாங்குங்க.”

அதற்கடுத்த வாரம், “எல்லாரும் பத்தொன்பது லிட்டர்தான் வச்சிருக்காங்களாம். ஆனா அது பிரிட்ஜுக்குள்ள நிக்காது. தோசை மாவை உங்க தலையிலயா வைக்கன்னு வீட்டுல கேக்கா” என்றார்.

“அப்ப பத்து.”

“எஃகா, பிளாஸ்டிக்கா?”

“எஃகு.”

“கேஸுக்குப் பெரிய சிலிண்டரா, சின்னக் குப்பியா?”

மற்ற சீடர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கெக்கும் வாங்கி, குடித்தும் முடித்திருந்தார்கள். மனுஷன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேலை நேரத்தில் போன் பண்ணிக் கேட்டார். புதன்கிழமை, வழியில் வந்தேன் என்று சொல்லி வந்து கேட்டார். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. ஜெனிட்டாவின் கராஜ் எந்த வழியிலும் வராது.

அன்றைக்கு அவள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் விடும்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. எதுல ஊத்தி வச்சா ரொம்ப நாள் தாங்கும்?”

“எவ்வளவு நாள் தாங்கணும்?”

“தெரியலையே.”

“ஒரு மாசமா? ரெண்டு மாசமா?”

“அவன் எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?”

ஜெனிட்டா பிரஷைக் கீழே வைத்தாள். “யாரு அண்ணாச்சி?”

பொன்னுலிங்கம் கராஜின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்.

பீர் அவருடைய மகன் இசக்கிமுத்து போட்டது. கார்த்திகை மாதம், மெல்பர்னில் கோடை தொடங்குகிற நேரம், வீட்டுக்குள் துணி துவைக்கிற அறையில், மூடி போட்ட வாளியில் வைத்திருந்தான். அப்பா கழுத்தில் மாலை. விரதம் இருக்கிற வீட்டில் இதென்ன கண்றாவி என்று, பையன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத் தகர ஷெட்டில் வைத்துவிட்டார். அன்றைக்கு வெயில் நாற்பதைத் தாண்டியது.

“சாயங்காலம் வந்து பாத்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னப்பா, நானே வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சிருப்பேன்லான்னான்.”

“நீங்க என்ன சொன்னிய?”

“என் வீட்டுல நான் யார்ட்டல கேக்கணும்னேன்.”

இசக்கிமுத்து பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். தை பிறந்தது, மாலையைக் கழற்றியாகிவிட்டது. பையன் வரவில்லை. அம்மாவோடு தினமும் பேசுகிறான். அப்பா பக்கத்தில் வந்தால் அவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

“நல்ல கெக்கா வாங்கி, அவன் போட்ட பீரை அதுல ஊத்தி ஜில்லுன்னு வச்சிருவேன். ஒரு நாள் வருவான்லா? பாத்தா அவனுக்கே புரிஞ்சிரும். நான் ஒண்ணும் பேச வேண்டாம் பாரு.”

“வாளி இப்ப எங்க இருக்கு?”

“ஷெட்டுலதான். நான் பத்திரமாத்தான் பாத்துக்கிடுதேன். தினமும் மூடியைத் திறந்து பாத்துட்டுத்தான் டூட்டிக்கே போவேன்.”

“தினமும் திறக்கியளா?”

“பின்ன? கெட்டுப் போகாம இருக்கான்னு பாக்கணும்லா?”

காற்றுப் பட்டால்தான் பீர் கெடும். குரு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “சனிக்கிழமை வரும்போது அதுல கொஞ்சம் கொண்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் போகிறவரை வெளியே காத்து நின்றார். தண்ணீர் பாட்டிலில் கலங்கலாக ஏதோ கொண்டுவந்திருந்தார். பாட்டிலைத் தன் உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்திருந்தார். ஆனாலும் கீழே வைக்க மனசில்லை. ஜெனிட்டா மோந்து பார்த்தாள். ஒரு வாய் உறிஞ்சி, சிங்க்கில் துப்பினாள்.

“அண்ணாச்சி, தோசை மாவை வெயில்ல வச்சா என்ன ஆகும்?”

“புளிச்சுப்போகும்.”

“புளிச்ச மாவை எந்தப் பாத்திரத்துல மாத்துனா நல்லாகும்?”

பொன்னுலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது. அவருக்குப் புரியாமல் இல்லை.

“கேஸ் ஏத்துனா சரியாயிராதா?”

“ஆகாது. கொட்டத்தான் வேணும்.”

“அவன் கையால போட்டதும்மா.”

“தெரியும் அண்ணாச்சி.”

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தாரா? அவரால் முடியவில்லை. மேஜையில் இருந்த மூடிகளை வரிசையாக அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார். “இல்ல, ரொம்ப நல்ல கெக்கா ஒண்ணு வாங்கினா” என்று ஆரம்பித்தார்.

குரு அவர் கையில் ஒரு கண்ணாடிக் கிளாசைக் கொடுத்தாள். மூலையில் பிரிட்ஜுக்குள் அஞ்சு லிட்டர் கெக் ஒன்று குழாயோடு நின்றது.

“இதுல ஒரு கிளாஸ் பிடிங்க.”

“நான் குடிக்க மாட்டேனே.”

“குடிக்க யார் சொன்னா? பிடிங்க.”

குழாயைத் திறந்தார். சீறிக்கொண்டு வெறும் நுரை வந்தது. மூடிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். அப்போதும் நுரை. இன்னும் திருகினார். கிளாசுக்கு வெளியே தெறித்து சட்டையெல்லாம் நனைந்தது. பஸ் எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிற மனுஷன், ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.

“கெக் சரியில்லம்மா. வேற மாத்தணும்.”

“கெக்குக்கு ஒரு குறையும் இல்ல.”

அவள் கேஸை மூடினாள். கெக்கின் தலையில் இருந்த சின்ன வளையத்தைப் பிடித்து இழுத்தாள். ஸ்ஸ் என்று காற்று வெளியேறியது. சத்தம் அடங்குகிறவரை வளையத்தை விடவே இல்லை. பிறகு கேஸைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தாள்.

“இப்ப பிடிங்க.”

திறந்தார். மஞ்சளாக, சத்தமில்லாமல் இறங்கியது. கிளாஸ் நிறைந்தது. மேலே ஒரு விரல்கடை நுரை நின்றது.

பொன்னுலிங்கம் கிளாசை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வாரத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அவனைப் பாக்கணும்போல இருக்கும்மா.”

“கூப்பிடுங்க.”

“போனைக் கையில எடுத்தா என்ன பேசன்னு தெரியல. சாப்பிட்டியான்னு கேக்கவா?”

“அது அவங்க அம்மா கேட்டிருப்பாங்க.”

“வேலை எப்படிப் போகுதுன்னு?”

“நல்லாப் போகுதும்பான். அப்புறம்?”

“நான் செஞ்சது தப்புதான்னு சொல்லிரட்டுமா?”

“சொல்லுவியளா?”

வாயைத் திறந்தார், மூடினார். மனசுக்குள் சொல்லிப் பார்த்தது போலிருந்தது. “வராதும்மா” என்றார். “எங்க அப்பா எங்கிட்ட சொன்னதில்ல. எனக்கு அது வராது. அப்ப நான் என்னதான் சொல்லி ஆரம்பிக்க?”

குரு சிந்திக் கிடந்த நுரையைத் துணியால் துடைத்தாள்.

“‘ஏல, சின்ன கெக் எது நல்லது?’ன்னு கேளுங்க.”