ஆளுக்கு ரெண்டு கிலோ

கூத்தம்பட்டி வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் நாலு பேருக்கும் மூளை இல்லை என்று யாரும் சொன்னது கிடையாது. பார்த்தாலே தெரிகிறதை எதற்குச் சொல்ல வேண்டும்?

சீரங்கன், மொக்கையன், ஒச்சப்பன், தவசி. அவர்களுக்கு ஒரே சட்டம். ஒருத்தன் தலையில் பாரம் ஏறினால் நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மூட்டைக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். ஒச்சப்பன் தீச்சட்டி எடுக்க இருபது நாள் விரதம் நேர்ந்துகொண்டபோது ஆளுக்கு ஐந்து நாள் இருந்து முடித்தார்கள். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது பாரம் தவசிக்கு. அதாவது, தவசியேதான் பாரம். நூற்று நாற்பத்தெட்டு கிலோ. காலையில் பாயை விட்டு எழ, மற்ற மூன்று பேரும் வந்து இழுக்க வேண்டும். அவர்கள் வரத் தாமதமானால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். மனசுக்குள் ஒரே ஆசை. ஒரு நாளாவது யார் கையும் படாமல் எழுந்து நின்றுவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முழங்காலைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார்.

"இரைப்பையில முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டா, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடும். எடை குறையும். ஆனா பெரிய ஆபரேஷன். பண்ணிக்கலாமா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஏற்கெனவே பண்ணிக்கிட்டவர் ஒருத்தர்கிட்ட பேசிப் பாருங்க. பண்ணிக்கறதா இருந்தா, அதுக்கு முன்னாடி ஒரு மாசத்துல எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க."

மண்டிக்குத் திரும்பி, வெங்காயச் சாக்கு மேல் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"வயித்த வெட்டினா அதுல இருக்குற பசி எங்கய்யா போகும்?" என்றான் மொக்கையன்.

"வெட்டின துண்டோடவே போயிரும்," என்றான் சீரங்கன். வயதில் மூத்தவன். அதனால் பதில் சொல்லும் வேலை அவனுடையது.

"அப்ப அது டாக்டரம்மாவுக்கு ஒட்டிக்கிட்டா? தவசி பசி சாமானியப் பசியா?"

"அதுக்குத்தானடா கையில உறை மாட்டிக்கிறாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். தவசி மட்டும் ஆட்டவில்லை.

"மாமா, மயக்க ஊசி போட்டுப் படுக்க வச்ச பெறகு எந்திரிக்காமப் போயிட்டா?"

"இப்பவே நீ எங்க எந்திரிக்கிற?" என்றான் ஒச்சப்பன். "நாங்கதான தூக்கி விடுறோம். அங்கயும் வந்து தூக்கி விடுறோம் மாப்ள."

ஆறுதல்தான். ஆனால் போதவில்லை.

மறுநாள் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கே குருநாதன் என்று ஒரு தையல்காரர். மூன்று வருஷத்துக்கு முன் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டவர். ஈர்க்குச்சி மாதிரி இருந்தார். தன் பழைய பேண்ட் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு ஆள் குடியிருக்கலாம்.

சீரங்கன் அதைத் தடவிப் பார்த்தான். யோசித்தான்.

"இந்தப் பேண்டுக்காரரக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவர்கிட்டதான் நாங்க பேசணும்."

"நாந்தான்யா அது!"

"நீங்க ஒல்லியா இருக்கீங்களே. குண்டா இருக்கறவன் கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்?"

தவசி இந்தப் பேச்சைக் கவனிக்கவில்லை. கீழே விழுந்த ஊசியை எடுக்கத் தையல்காரர் குந்தி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்தார். தவசி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தையல்காரர் கடைக் கதவைச் சாத்திவிட்டார்.

"குண்டான ஆளு ஒருத்தரும் இந்த ஆபரேஷனப் பண்ணிக்கிட்டதாத் தெரியல," என்று சொல்லிக்கொண்டே சீரங்கன் பஸ் ஏறினான்.

அடுத்தது எட்டு கிலோ. நாலு பேர், ஆளுக்கு ரெண்டு. சீரங்கன் நொடியில் கணக்குப் போட்டுவிட்டான்.

தவசி பெண்டாட்டி வெள்ளைத்தாய் சோற்றைக் குறைத்துக் கஞ்சி ஊற்றினாள். பத்தாம் நாள் மண்டித் தராசில் ஏறினான். ரெண்டு கிலோ குறைந்திருந்தது. உடனே கஞ்சிச் சட்டியைப் பிடுங்கிவிட்டார்கள்.

"உன் பங்கு முடிஞ்சது மாப்ள. அடுத்தவன் பங்குல கை வைக்காத," என்றான் சீரங்கன்.

"எடை என்னோடதுதான மாமா?"

"மூட்டை யாரோடதுன்னு பாத்தா தூக்குறோம்?"

மிச்சப் பங்குக்கு மற்ற மூவரும் பட்டினி கிடந்தார்கள். மொக்கையன் தெரியாத்தனமாக மூன்று கிலோ குறைந்துவிட்டான். பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

மாசக் கடைசியில் டாக்டரம்மா எடையைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோதானே குறைஞ்சிருக்கு?"

"மிச்சம் ஆறு இங்க இருக்கு," என்று மூன்று பேரும் வயிற்றை எக்கிக் காட்டினார்கள்.

"முக்கா வயிறு எடுக்கணும்னீங்க. அதையும் பேசி முடிச்சிட்டோம்," என்றான் சீரங்கன். "முழு வயிறு பதினாறு வீசம்னா, முக்காலுக்குப் பன்னண்டு வீசம். ஆளுக்கு மூணு வீசம் வெட்டிக்குங்க."

சட்டையைக் கழற்றிவிட்டு மூவரும் பெஞ்சில் வரிசையாகப் படுத்தார்கள். டாக்டரம்மா அவர்களை எழுப்பி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"அவங்கள விடுங்க. உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

தவசியைத் தனியாக யாரும் எதுவும் கேட்டதில்லை. பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பினான். சுவர்தான் இருந்தது. குந்தி உட்கார்ந்து எழுந்த அந்தத் தையல்காரர் கண்ணுக்குள் வந்தார்.

"பயமாத்தான் இருக்கும்மா," என்றான். "ஆனா வேணும்."

"அப்ப மிச்ச ஆறு கிலோவ நீங்களே குறைங்க."

குறைத்தான். மூவரும் மறுபடி கஞ்சிச் சட்டியைப் பிடுங்காதபடி வெள்ளைத்தாய் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் புருஷனைத் தூக்கி நிறுத்த மட்டும் மூவரையும் உள்ளே விட்டாள். அதனால் முடிந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது.

எட்டு மாசத்தில் தவசி நூறு கிலோ. ஒரு காலை, யாரும் வரும் முன்பே கையை ஊன்றி எழுந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான். காபி ஆறிப்போயிற்று, உட்காரவே மனசில்லை.

அந்த வாரம் பரிசோதனை. மூவரும் கூடவே போனார்கள். முதலில் மூன்று தொந்திகள் உள்ளே வந்தன, பின்னால் அவர்கள் வந்தார்கள்.

"என்னய்யா இது! நீங்க ஏன் இப்படி ஆனீங்க?" என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

"முன்ன தவசி பத்து இட்லி திம்பான். இப்ப ஒண்ணோட நிறுத்திக்கிறான்," என்றான் சீரங்கன். "மிச்சம் ஒம்பது. ஆளுக்கு மூணு. மத்தியானச் சோறும் அதே கணக்குதான். அவன்கிட்ட குறைஞ்ச நாப்பத்தெட்டு கிலோவும் சிந்தாம சிதறாம எங்ககிட்ட இருக்கு. ஆளுக்குப் பதினாறு. தராசுல போட்டுப் பாத்துக்கலாம்."

டாக்டரம்மா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மொக்கையன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பணிவாக ஒரு அடி முன்னால் வந்தான்.

"இடத்தக் காட்டுங்கம்மா. இத எங்க இறக்கணும்?"