பன்னிரண்டு புலிக்கு ஏழு அம்பு

முன்னொரு காலத்தில் சேந்தன் என்ற ராஜா மஞ்சணக்கோட்டையை ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்கு யானை பரிசு கொடுப்பான். மத்தியானம் அதே ஆளை ஊரைவிட்டுத் துரத்துவான். யானையைத் திருப்பி வாங்க மட்டும் மறந்துவிடுவான். அப்படிப்பட்ட சித்தம்!

அவன் சபையில் கதை சொல்பவள் அஞ்சுகம். அவள் வாய் திறந்தால் வாயிற்காவலன்கூட வேலைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவான். ஆஸ்தான கணிதர் ஏகாம்பரர் வாய் திறந்தாலோ மந்திரி முதல் எல்லோருக்கும் கொட்டாவி வரும். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அஞ்சுகம் கதையின் உச்சக்கட்டத்தில் இருந்தாள். "இருநூறு அம்பில் ஆயிரம் பேரைச் சாய்த்தான் வீரன்!"

ஏகாம்பரர் எழுந்தார். "நிறுத்து! அம்புக்கு ஐந்து பேரா? அம்பா, ஊசியா, கோத்துக்கொண்டு போக? அரசே, இவள் தங்கள் காதில் பூச்சுற்றுகிறாள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அஞ்சுகம்! நாளை ஒரு கதை சொல். அதில் ஒரு கணக்குத் தப்பினாலும் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும். தப்பா சரியா என்று ஏகாம்பரர் சொல்லட்டும்."

இரண்டு பெண்மக்களைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த ஊர் எல்லையில் போய் நிற்பது? வீடு போகும் வழியெல்லாம் அஞ்சுகம் யோசித்தாள். வாசற்படி ஏறும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. அஞ்சுகம் கும்பிட்டுத் தொடங்கினாள்.

"ஒரு ராஜா வேட்டைக்குப் போனார். தூணியில் இருந்தவை ஏழே அம்புகள். சுனைக்கரையில் பன்னிரண்டு புலிகள். பன்னிரண்டையும் கொன்றுவிட்டுத்தான் திரும்பினார்!"

சபையில் எல்லோரும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அது சேந்தன் ராஜா விருந்துக்கு விருந்து தன் வாயாலேயே சொல்லும் வேட்டைக் கதை!

"ஏழு அம்பு, பன்னிரண்டு புலி. கணக்குச் சரிதானா ஐயா?" என்றாள் அஞ்சுகம், பூனை போல.

ராஜா மீசையைத் தடவினான். ஏகாம்பரர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். தப்பு என்றால் ராஜா பொய்யர். சரி என்றால் நேற்றைய பேச்சு என்ன ஆவது?

"அது... ஐந்து அம்புகள் ஒவ்வொன்றும் இரண்டு புலியைத் துளைத்தன. ஐயிரண்டு பத்து. மீதி இரண்டு அம்புக்கு இரண்டு புலி. ஆகப் பன்னிரண்டு. சரியான கணக்கு!"

"புலிகள் எதற்கு ஐயா இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றன?"

"ஜோடி ஜோடியாக வந்திருந்தன."

"எதற்கு?"

"க... கல்யாணத்துக்கு!"

"ஜோடி இல்லாத அந்த இரண்டு?"

"ஒன்று புரோகிதர். இன்னொன்று சமையற்காரர்!"

சபை கொல்லென்று சிரித்தது. அஞ்சுகம் கைகூப்பினாள். "மகாராஜா, என் கணக்கை ஐயா காப்பாற்றிவிட்டார். ஆனால் அதற்கு ஒரு கல்யாணமே நடத்த வேண்டியிருந்தது. என் வீரனின் அம்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இனி மறைத்து என்ன? இருந்தது ஒரே புலி. ஏழு அம்பும் குறி தப்பின. நான் மரத்தில் ஏறிவிட்டேன். அது கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டது!"

தன் கைக்காப்பைக் கழற்றி அஞ்சுகத்திடம் கொடுத்தான். ஏகாம்பரர் பக்கம் திரும்பினான். "ஐயா, அந்தப் புலிக் கல்யாணத்தை இனி தினமும் சபையில் நீர் சொல்ல வேண்டும். இதுதான் தண்டனை."

முதல் நாள் ஏகாம்பரர் குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தார். இரண்டாம் நாள் புலிகளுக்குள் சம்பந்திச் சண்டையை மூட்டிவிட்டார். நான்காம் நாள் நிற்க இடமில்லாத கூட்டம். கைகளை வீசி, கண்ணை உருட்டி, பந்தியில் வந்து உட்கார்ந்த பதின்மூன்றாவது புலியை வர்ணித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கணக்கு உதைக்கிறதே!" என்றாள் அஞ்சுகம்.

"நீ சும்மா இரு அம்மா," என்றார் ஏகாம்பரர். "கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது!"