பீங்கான் ஓட்டில் ஒரு வெள்ளைக் கோடு

"அவளை அனுப்பி வெச்சுருங்கம்மா. இந்த மலைக்கு அவ ஆக மாட்டா."

செங்கோடன் வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

பாவாயம்மா ஈரத்துணியால் ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். செங்கோடனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊசிக்கரடு என்ற அந்த மலையில் குரு அவர்தான். கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பெயர் தெரியாத கல் அகப்பட்டால் சுற்றுவட்டாரமே அவரிடம்தான் எடுத்து வரும். கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். நகத்தால் கீறுவார், கத்தியால் கீறுவார். பீங்கான் ஓட்டில் உரசி, விழுகிற பொடியின் நிறம் பார்ப்பார். பிறகு பெயர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

செங்கோடன் அவருக்குப் பன்னிரண்டு வருடச் சீடர். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பத்து நாள் சோதித்துப் பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாவாயம்மா அதை ஒரு நாளும் மறுத்ததில்லை. அதனால் மனிதருக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

இப்போது வந்திருப்பவள் நாச்சாள். கிணறு வெட்டுகிற குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயது. கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டே தீருவது என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள். திரும்பிப் போனால் அந்த வாசல் திறக்காது. கீழே புளியமரத்தடியில் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆக மாட்டான்னு எப்படிங்கண்ணா கண்டீங்க?"

"பத்து நாளும் ஒரசிப் பாத்தனுங்க. ஓடையில இருந்து கல்லுச் சுமக்க வெச்சேன். அடுக்கச் சொன்னேன். அடுக்குனதைக் காலால தள்ளிவிட்டேன். ஒம்பது நாள் ஊமை மாதிரி இருந்தா. நேத்து வெளிய வந்துருச்சு பாருங்க, அத்தனையும் ஆங்காரம்."

"நேத்துச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுதுங்க."

"கேட்டுருக்குமே!" என்றார் செங்கோடன் வெற்றியோடு.

பாவாயம்மா துடைத்த கல்லை அவர் கையில் வைத்தார். கருத்த பழுப்பு நிறம். பீப்பாய் மாதிரி நடுவில் பருத்து, ஆறு பட்டை.

"இதென்னன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா."

இது ஒரு வேலையா என்று செங்கோடன் பீங்கான் ஓட்டை எடுத்தார். கல்லை வைத்து அழுத்தி ஒரே இழுப்பு.

பளிச்சென்று வெள்ளைக் கோடு. பொடி தாராளமாகக் கொட்டியது.

"மேலதான் கருப்பு. உள்ள வெள்ளை. இந்தளவுக்குப் பொடி உதிருதுன்னா மெத்துன்னு இருக்கற கல்லு. மாக்கல்லுங்க."

"நிச்சயமாங்க?"

"பன்னெண்டு வருசமா ஒரசறனுங்கம்மா."

"மாக்கல்லுன்னா நகத்துக்கே கீறல் விழுமே. கீறுங்க."

செங்கோடன் நகத்தால் கீறினார். நகம் வழுக்கியது. பாவாயம்மா கத்தியை நீட்டினார். செங்கோடன் கத்தியாலும் கீறினார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கத்தி முனைதான் மழுங்கியது.

அப்போதுதான் கல்லின் கனம் அவர் கைக்குத் தெரிந்தது. மாக்கல்லுக்கு ஏது இத்தனை கனம்?

பாவாயம்மா பீங்கான் ஓட்டின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். வெள்ளைப் பொடி கரைந்து ஓடியது. பொடி இருந்த இடத்தில் ஓடு பள்ளமாகக் கீறிக் கிடந்தது.

"குருந்தம்" என்றார் செங்கோடன். குரல் இறங்கிவிட்டது. வைரத்துக்கு அடுத்தபடி கெட்டியான கல். எந்த ஓட்டில் உரசினாலும் அது பொடியாகாது.

"அப்ப, கொட்டுன பொடி யாருதுங்கண்ணா?"

"ஓட்டுதுங்க."

"இங்க வாரவங்களுக்கு மொதல் பாடம் என்னங்க?"

"கீறிப் பாக்காம ஒரசக் கூடாது."

பாவாயம்மா ஓட்டை வெயிலில் சாய்த்து வைத்தார். எதையோ இப்போதுதான் நினைத்துக்கொண்டவர் போலக் கேட்டார்.

"நேத்து நாச்சா என்னதாங்க சொன்னா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தார் செங்கோடன்.

கல்லு ஒடைக்கத்தான் நீ லாயக்கு. இது அவர் சொன்னது.

எனக்கே பாடம் எடுக்கறயா. இதுவும் அவர் சொன்னதுதான்.

மூட்டையக் கட்டு. இதுவும்.

நாச்சாள் சொன்னதைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கூடையிலிருந்து ஒரு கல்லைத் தனியே எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். 'இது மட்டும் அளவுக்கு மீறிக் கனக்குதுங்கண்ணா, என்னன்னு கொஞ்சம் பாருங்க.'

கருத்த பழுப்பு நிறம். ஆறு பட்டை.

அவருக்குக் காதெல்லாம் சுட்டது. இந்த வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை.

"ஓடு வீணாப் போச்சுங்கம்மா. வேற எடுத்தாரட்டுங்களா?"

"எதுக்குங்க? அதும் இருக்கட்டும்."

செங்கோடன் கல்லையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். செருப்புப் போட மறந்துவிட்டார்.

புளியமரத்தடியில் நாச்சாள் மூட்டையோடு எழுந்து நின்றாள்.

"போகட்டுங்களாண்ணா?"

அவர் ஓட்டை நீட்டினார். அவள் வாங்கி, அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்ல ஓட்டை இப்படிக் கெடுத்து வெச்சது யாருங்கண்ணா?"

"நாந்தான் ஆத்தா" என்றார் செங்கோடன். "கீறிப் பாக்காம ஒரசிப்போட்டேன்."