மேசை மேல் வைத்த பயம்

எலும்பு டாக்டர் கோதண்டபாணி ஆராய்ச்சி நிதிக் குழுவுக்குத் தலைவராக வந்தாலும் வந்தார், மனநல மருத்துவம் படிக்கிறவர்களுக்குப் பத்துப் பைசா பெயரவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு என்பது அவர் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை மனநல மருத்துவ மாணவி இசக்கியம்மாள் அவர் முன்னால் நின்றாள். பயம் மனிதர்களை எப்படிக் கட்டிப்போடுகிறது என்று ஆராய ஓராண்டுப் பயிற்சிக்கு நிதி கேட்டிருந்தாள். இன்று கிடைக்காவிட்டால் இனி கிடையாது.

"ஏம்மா, உடைஞ்ச எலும்பை நான் எக்ஸ்ரேயில காட்டுவேன். நீ அந்தப் பயத்தை இந்த மேசை மேல காட்டு, பணம் தரேன்" என்றார். குழுவினர் சிரித்தார்கள்.

இசக்கியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று.

"அப்ப, நிதி கிடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். நான் கிளம்பறேன்."

பேனாவைத் திறந்தவர், தானும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "ராகு காலம். பன்னிரண்டுக்கு மேல போடறேன்."

அவள் ஆவலாகக் குனிந்து பார்த்தாள். "கை வலிக்குதா சார்?"

"இல்லையே."

"யாராவது பிடிச்சிருக்காங்களா?"

"யாரு பிடிப்பா?"

"எக்ஸ்ரே எடுத்தா காரணம் தெரியுமா?"

மேசை மேல் அவர் கை அசையாமல் கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

பன்னிரண்டு அடித்ததும் நிதிக்கு அனுமதி தந்து கையெழுத்துப் போட்டார். பிறகு மெதுவாக, "இதையெல்லாம் ஆராய்ச்சியில எழுதிடாதேம்மா" என்றார்.

"எழுதுவேன் சார். நோயாளி பேரை மட்டும் வெளியில சொல்ல மாட்டோம்."