இறக்கத்தில் வரும் நடுக்கம்

"அம்மிணி, அந்த வெள்ளைக் காரை இனி நான் தொட மாட்டேனுங்க."

மாரப்பன் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

சலோமி நிமிர்ந்து பார்த்தாள். மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அவளுடைய ஒர்க்‌ஷாப். மாரப்பன் அவளைவிட மூத்தவன். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போனபின் அவளிடம் வேலை பழக வந்தவன். வயதுக்கு மரியாதையாக அவள் அவனை அண்ணா என்பாள். தொழிலுக்கு மரியாதையாக அவன் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசுவான்.

"என்னாச்சுங்ணா?"

"பிரேக் அடிச்சா ஸ்டியரிங் நடுங்குதுன்னு வந்தாரு. பிரேக் டிஸ்க்கை லேத்துல குடுத்துக் கடைஞ்சு போட்டேன். திரும்ப வந்தாரு. புது டிஸ்க்கே மாட்டினேன். இன்னிக்கு மறுபடியும் வந்து நிக்கிறாரு. என் வேலை மேல சந்தேகம்."

"அப்படிச் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. சும்மா நிக்கிறாரு. அதைத்தான் தாங்க முடியலைங்க."

கார்க்காரர் போஜன் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். கோத்தகிரிக்காரர். பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி மாதி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சலோமி முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள். போல்ட்டுகள் ஒரே சீராக முறுக்கப்பட்டிருந்தன. டிஸ்க் உட்காரும் இடத்தில் துளி துரு இல்லை. பிரேக் பிடித்தது, விட்டால் விட்டது.

"உங்க வேலை சுத்தமா இருக்குங்ணா."

மாரப்பனுக்கு மூச்சு வந்தது.

"அப்புறம் ஏனுங்க நடுங்குது?"

அவள் டிஸ்க்கின்மேல் விரல் வைத்தாள். புது இரும்பில் திட்டுத்திட்டாக நீலம் பூத்திருந்தது.

"இது என்ன?"

"சூடுங்க."

"எப்படி வந்துச்சு?"

"பிரேக்கை விடாம மிதிச்சாத்தான் இப்படி ஆகும். மலையில பொறந்த மனுசனுக்கு மலை இறங்கத் தெரியலை பாருங்க."

"ஏன் மிதிச்சாரு?"

மாரப்பன் தள்ளி நின்ற போஜனைத் திரும்பிப் பார்த்தான்.

"வேற டிஸ்க் மாட்டிட்டு, அவங்ககூட மேல போங்க. காலையில அவங்க இறங்கறப்ப நீங்களும் கூட இறங்குங்க."

அவன் டூல் பெட்டியை எடுத்தான். சலோமி அதை அவன் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"வெறுங்கையோடவா போறது?"

"ஆமாங்ணா."

அன்று இரவு மாரப்பன் போஜன் வீட்டில் தங்கினான். விடியும்வரை சுவருக்கு அந்தப்பக்கம் மாதி முனகிக்கொண்டே இருந்தாள்.

காலையில் புறப்பட்டார்கள். மாரப்பன் முன்சீட்டில். மாதி பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இறக்கம் தொடங்கியது. போஜன் கியரைக் குறைக்கவில்லை. பிரேக்கின்மேல் வைத்த காலை எடுக்கவும் இல்லை. கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

பாதி மலையில் கருகல் வாசம் வந்தது. ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. போஜன் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

லாரி ஓட்டியவனுக்கு அந்த வாசம் தெரியும். அது முற்றினால் அடுத்து பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

"ஏனுங்க, ரெண்டாவது கியர்ல இறங்கணும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"மெதுவாப் பேசுங்க," என்றார் போஜன். "தெரியும்."

"பின்னே?"

"கியரைக் குறைச்சா இன்ஜின் கத்தும். அவ முழிச்சுக்குவா." கண்களைச் சாலையிலிருந்து எடுக்காமல் சொன்னார். "முதுகுல கட்டி. புத்துநோய். தினமும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கிறாங்க. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. இந்த இறக்கத்துல மட்டுந்தான் கொஞ்சம் கண் அசர்றா."

மாரப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"பிரேக் போயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

போஜன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார்.

மாரப்பன் திரும்பிப் பார்த்தான்.

மாதியின் கண்கள் மூடித்தான் இருந்தன. ஆனால் ஒரு கை சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கார் நடுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சொல்வதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வளைவு போயிற்று.

"அக்கா," என்றான். "நீங்க தூங்கலைங்களா?"

இன்னொரு வளைவு போயிற்று.

"இல்லை," என்றாள் மாதி, கண்ணைத் திறக்காமல்.

போஜன் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"ஒரு நாளும் தூங்கினதில்லை. இந்த நடுக்கம் நேரா முதுகுல வந்து குத்துது."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நான் கண்ணை மூடினாத்தான் உங்க முகம் தெளியுது. அதனால மூடிக்கிறேன்."

போஜன் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்தார். அவர் தோள் குலுங்கியது.

மாரப்பன் இறங்கி, சக்கரத்தைப் பார்ப்பவன்போல் அதன் பக்கத்தில் குந்தினான். பார்க்க அங்கே எதுவும் இல்லை. இரும்பு ஆறும்வரை, உள்ளே பேச்சு ஓயும்வரை அங்கேயே இருந்தான்.

மறுபடி கிளம்பியபோது போஜன் இரண்டாவது கியரில் போட்டார். இன்ஜின் வாய்விட்டுக் கத்தியது. காரை அதுவே பிடித்து வைத்து இறக்கியது. ஸ்டியரிங் அசையவில்லை.

சில வளைவுகள் தாண்டி, போஜன் கண்ணாடியைப் பார்த்தார்.

"மறுபடியும் நடிக்கிறா," என்றார் முணுமுணுப்பாக. கொஞ்சம் கழித்து, "நீங்களே பாருங்களேன்," என்றார்.

மாரப்பன் திரும்பினான். அவள் கை சீட்டிலிருந்து நழுவித் தொங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"நடிப்பில்லைங்க," என்றான்.

கார் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. மாரப்பன் இறங்கி, கதவை அடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திச் சாத்தினான்.

உள்ளே கிரைண்டிங் மெஷின் பொறி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேல் சலோமி கத்தினாள்:

"என்னங்ணா, கோளாறு எங்கே?"

மாரப்பன் உதட்டின்மேல் விரலை வைத்தான்.

சலோமி எட்டிக் காருக்குள் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மெஷினை நிறுத்தினாள்.